சிறுநீரகம் முன்கூட்டியே சொல்லும் சேதி

சர்க்கரை வியாதி உள்ள தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை



"சர்க்கரை இருக்குது, மாத்திரை சாப்பிடறேன், மத்தபடி உடம்புக்கு ஒண்ணுமில்லே" என்று சொல்பவர் இல்லாத தெரு இன்று கிராமத்தில்கூட இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு இருக்கிறது. இதைப் பட்டணத்து வியாதி என்று சொல்லும் காலம் போய்விட்டது.

சர்க்கரை வியாதி கண்ணை, காலை, இருதயத்தைத் தாக்கும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சிறுநீரகத்தையும் தாக்கும். சிறுநீரகம் கெட்டுப்போவதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அது வலிக்காது. முகம் வீங்கி, கால் வீங்கி, வாந்தி வந்து, மூச்சு இரைக்கும் வரை பொறுத்திருந்தால், அதற்குள் பெரும்பகுதி போயிருக்கும். போனதைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது.

ஆனால் சிறுநீரகம் முழுக்க ஊமையல்ல. வீக்கம் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அது ஒரு சேதி சொல்கிறது. அதை உடம்பு உணராது; பரிசோதனை மட்டுமே கண்டுபிடிக்கும். அந்தச் சேதி என்ன, அதை எப்படிக் கேட்டு வாங்குவது, கேட்டபின் என்ன செய்வது என்பதே இந்த வெளியீட்டின் விஷயம்.

நெருக்கமாக நெய்த துணி

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. இன்று அங்கே மீன் மார்க்கெட்டும் நெருக்கடியான கடைத்தெருக்களும்தான் கண்ணில் படும். ஆனால் அது 1734-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டை என்ற பெயரே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தறியை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் வீட்டுப் பெண்கள் சூரணத்தை மெல்லிய துணியில் சலிப்பார்கள். துணி நெருக்கமாக நெய்திருந்தால் நைசான பொடி மட்டும் கீழே இறங்கும். திப்பி மேலே நிற்கும். சிறுநீரகத்துக்குள்ளும் இப்படித்தான் வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒரு நாளில் இவை ரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

ரத்தத்தில் அல்புமின் என்று ஒரு புரதச் சத்து இருக்கிறது. அது வீணாகக் கூடாது. நல்ல சிறுநீரகம் அதைக் கீழே விடாது. சர்க்கரை அளவு வருஷக்கணக்கில் கூடுதலாக இருந்து, ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொண்டால், அந்தத் துணியின் இழைகள் தளர்கின்றன. அப்போது முதலில் கசிவது இந்த அல்புமின்தான். ஆரம்பத்தில் கசிவது மிகமிகச் சொற்பம். சிறுநீரின் நிறம் மாறாது, எரிச்சல் இருக்காது. ஆனால் இழை தளர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தச் சொற்பக் கசிவு பின்னால் வரப்போகும் சிறுநீரக வியாதியை முன்கூட்டிச் சொல்கிறது என்பதை 1982-ல் லண்டன் டாக்டர்களும், 1984-ல் டென்மார்க் நாட்டு டாக்டர் மோகன்சனும் எடுத்துக்காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் இந்தப் பரிசோதனை வழக்கத்துக்கு வந்தது.

எந்த 'உப்பு'?

நம் பக்கத்தில் "யூரின்ல உப்பு போகுது" என்கிறோம். "ரத்தத்துல உப்பு ஏறிடுச்சு" என்றும் சொல்கிறோம். இரண்டும் சாப்பாட்டு உப்பு அல்ல. இரண்டும் ஒன்றும் அல்ல.

சிறுநீரில் போகும் உப்பு என்று சொல்லப்படுவது அல்புமின். நல்ல பொருள் ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். ரத்தத்தில் ஏறும் உப்பு என்று சொல்லப்படுவது கிரியாட்டினின், யூரியா போன்ற கழிவுகள். வெளியே போக வேண்டிய கெட்ட பொருள் உள்ளேயே தேங்குகிறது என்று அர்த்தம்.

சர்க்கரை வியாதிக்காரருக்குப் பெரும்பாலும் முதலில் சிறுநீரில் கசிவு வரும்; கழிவு தேங்குவது வெகு நாள் கழித்து வரும். கிரியாட்டினின் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஏறும்போது, சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதி போயிருக்கக்கூடும். எனவே "ரத்தத்துல உப்பு நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பதோடு திருப்திப்படாதீர்கள். அதே சமயம், சிலருக்கு அல்புமின் கசியாமலேயே சிறுநீரகம் பலவீனப்படுவதும் உண்டு. ஆகவே சிறுநீர், ரத்தம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்கு

சென்னையில் சர்க்கரை வியாதி உள்ளவர்களைப் பரிசோதித்த ஒரு ஆய்வு 2007-ல் வெளியானது. அவர்களில் 100-க்கு 27 பேருக்கு இந்தச் சொற்பக் கசிவு இருந்தது. சிறுநீரகம் வெளிப்படையாகக் கெட்டிருந்தவர்களோ 100-க்கு 2 பேர்தான். இதில் பயப்பட வேண்டிய செய்தியும் உண்டு, தைரியம் கொள்ள வேண்டிய செய்தியும் உண்டு. நாலு பேரில் ஒருவருக்குக் கசிவு தொடங்கிவிட்டது என்பது பயம். அவர்களில் மிகப் பலர் காப்பாற்றக்கூடிய கட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்பது தைரியம்.

இன்னொரு ஆய்வு சென்னை ராயபுரத்து நீரிழிவு மருத்துவர்கள் செய்து 1999-ல் வெளியிட்டது. சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் கெட்டவர்களின் கூடப் பிறந்தவர்களில், சர்க்கரை வியாதி உள்ளவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரில் புரதம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. மேலும் 100-க்கு 27 பேருக்குச் சொற்பக் கசிவு இருந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களின் கூடப் பிறந்தவர்களிலோ, நிறையப் போனவர் ஒருவரும் இல்லை. சொற்பக் கசிவும் 100-க்கு 3 பேருக்குத்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சிறுநீரக வியாதி சில குடும்பங்களில் கூடுதலாக வருகிறது. உங்கள் அண்ணனோ அக்காவோ சர்க்கரை முற்றி டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்றால், உங்களுக்கும் சர்க்கரை இருந்தால், நீங்கள் அடுத்த வாரமே பரிசோதிக்க வேண்டியவர். "அவருக்கு விதி" என்று சொல்லி வருத்தப்பட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

புதிய அடையாளங்கள் வந்துவிட்டனவே?

அல்புமின் கசிவதற்கும் முன்பாகவே கண்டுபிடிக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடிவருகிறார்கள். உடம்பின் நுண்ணிய மூலக்கூறுகளில் அடையாளம் தேடுகிறார்கள். ரத்தத்தில் சிஸ்டாட்டின்-சி என்று ஒன்று. அது கிரியாட்டினினைவிடச் சில சமயம் துல்லியமாகச் சொல்லும். அடிபட்ட சிறுநீரகக் குழாயிலிருந்து சிறுநீரில் வருகிற கிம்-1 என்று ஒன்று. இப்படிப் பல.

ஐரோப்பாவில் சிறுநீரில் உள்ள 273 நுண்புரதத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, யாருக்குக் கசிவு வரப்போகிறது என்று சொல்ல முயன்றார்கள். அந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. ஆபத்து அதிகம் என்று அது காட்டியவர்களுக்குக் கசிவு அதிகமாகத்தான் வந்தது. ஆக, முன்கூட்டிச் சொன்னது பலித்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து அந்தக் கசிவைத் தடுக்கவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வரப்போவதைச் சொன்னால் மட்டும் போதாது; சொன்னபின் செய்வதற்கு வழியும் இருக்க வேண்டும். அல்புமின் பரிசோதனைக்கு அந்த இரண்டும் இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்தால் அதைக் குறைக்க மருந்து உண்டு. "பெரிய ஆஸ்பத்திரியில் பத்தாயிரத்துக்கு டெஸ்ட் இருக்குதாம்" என்று யாராவது சொன்னால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். முதலில் இந்தச் சாதாரணப் பரிசோதனையை வருஷம் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

என்ன கேட்டு வாங்க வேண்டும்?

டாக்டரிடமோ நர்ஸிடமோ கூச்சப்படாமல் இப்படிக் கேளுங்கள்: "சர்க்கரைக்காக யூரின்ல அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாக்கணும். ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கணும்." சாதாரணமாக நடுவயதில் வருகிற சர்க்கரை வியாதி என்றால், கண்டுபிடித்த அன்றே ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. சின்ன வயதிலேயே வந்து இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், வியாதி வந்து 5 வருஷம் ஆனபின் வருஷாவருஷம்.

விகிதம் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் இழை தளர்ந்திருக்கிறது; எச்சரிக்கை. 300-க்கு மேல் என்றால் கசிவு பலமாகிவிட்டது, தாமதம் கூடாது. ரத்தத்தில் பார்த்த கிரியாட்டினினை வைத்து, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவார்கள். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரகம் பலவீனம் என்று பொருள். இந்த இரண்டு எண்களையும் உங்கள் நோட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்ற வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரில் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிற சாதாரணச் சோதனை பெரிய கசிவைத்தான் காட்டும். அதில் "இல்லை" என்று வந்தால், சொற்பக் கசிவும் இல்லை என்று ஆகாது. பட்டைச் சோதனை இல்லாததற்கு நல்லது. ஆனால் விகிதம் பார்ப்பதே மேல்.

சிறுநீர் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் நல்லது.
2. காய்ச்சல் இருக்கும்போதும், சிறுநீர் போகையில் எரிச்சல் இருக்கும்போதும் கொடுக்க வேண்டாம்.
3. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் கொடுக்க வேண்டாம்.
4. முதல் நாள் நாற்று நட்டு, மூட்டை தூக்கி உடம்பு அலுத்திருந்தால் இரண்டு நாள் தள்ளிக் கொடுக்கலாம்.
5. ஒருமுறை கூடுதலாக வந்ததும் பயந்துவிட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

கசிவு இருந்தால் என்ன செய்வது?

முதலாவது, ரத்தக் கொதிப்பு. சர்க்கரையைவிடச் சில சமயம் இதுவே சிறுநீரகத்துக்குப் பெரிய எதிரி. பொதுவாக 130-க்கு 80-க்குள் வைத்துக்கொள்ள டாக்டர் முயல்வார். எனலாபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகள் கொதிப்பையும் குறைக்கும், கசிவையும் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் காப்பதாக நிரூபணமாகியிருக்கிறது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலோர்க்கு 7-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

மூன்றாவது, சாப்பாட்டு உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் போதும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள். புகையிலை, பீடி, சிகரெட் அறவே வேண்டாம்.

நாலாவது, வலி மாத்திரை. "இடுப்பு வலிக்குது, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது கிராமத்தில் சகஜம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றை அடிக்கடி சாப்பிட்டால், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் மேலும் கெடும். பேர் ஊர் தெரியாத பஸ்பங்களும் அப்படியே. அவற்றில் உலோகம் கலந்திருக்கலாம்.

சொற்பக் கசிவு உள்ளபோதே இவற்றைச் செய்தால், பலருக்குக் கசிவு நின்றுவிடுவதும் உண்டு. நிற்காவிட்டாலும் வியாதியின் வேகம் குறையும்.

பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களுக்கு

மனைவிக்குச் சர்க்கரை இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது முக்கியம். கசிவு இருக்கும்போது கர்ப்பமானால் ரத்தக் கொதிப்பு ஏறவும், குறைமாதத்தில் குழந்தை பிறக்கவும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றை நன்றாக நினைவில் வையுங்கள். மேலே சொன்ன எனலாபிரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகள் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கெடுதல். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போனதும் உடனே போய்ச் சொல்ல வேண்டும். "குழந்தைக்கு ஆகாது" என்று எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்திவிடுவதும் தவறு.

உடம்பு சீராகும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடக் காப்பர்-டி, நிரோத் போன்ற முறைகள் இருக்கின்றன. கசிவு உள்ள பெண்கள் கருத்தடை மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். இரண்டு குழந்தை போதும் என்று முடிவு செய்த தம்பதிகளில் கணவரே கருத்தடை செய்துகொண்டால், உடம்பு சரியில்லாத மனைவிக்கு அந்தச் சிரமம் மிச்சம்.

கர்ப்பத்தில் மட்டும் சர்க்கரை வந்து, பிரசவத்துக்குப் பின் மறைந்த தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வரக்கூடும். அவர்களும் வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்வது அவசியம்.

கணவருக்கு மட்டுமா பரிசோதனை?

பல வீடுகளில் கணவருக்குச் சர்க்கரை என்றால் மனைவி கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மனைவிக்குச் சர்க்கரை என்றால் "அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகிறது. இது நியாயமல்ல.

நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தானம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெற்றுக்கொள்பவர்களில் ஆண்களே அதிகம். மனைவி கணவருக்கும், தாய் மகனுக்கும் கொடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய தியாகத்துக்குத் தயாராக இருக்கிற குடும்பம், அதற்குப் பத்து வருஷம் முன்னால் வருஷத்துக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் அந்த நிலைமையே வராமல் போகலாம். டயாலிசிஸுக்கு அரசுக் காப்பீட்டில் உதவி உண்டு என்பது உண்மைதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருந்தால் கூலி யார் தருவார்? துணைக்கு வருபவரின் கூலி? பஸ் செலவு?

ஆகவே கணவனும் மனைவியும் ஒரே நாளில் ஒன்றாகப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமத்திலும் முடியும்

"இதெல்லாம் மெட்ராஸ்ல நடக்கும், நம்ம ஊர்ல நடக்குமா?" என்று கேட்கலாம். 1990-களின் பிற்பகுதியில் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்களும் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்டும் சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 மக்களிடையே இதைச் செய்து காட்டினார்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் ரத்தக் கொதிப்புப் பார்த்தார்கள். சிறுநீரில் ஒரு அமிலத்தை விட்டு, பால் போலக் கலங்கினால் புரதம் போகிறது என்று கண்டார்கள். நீலக் கரைசலோடு சூடாக்கிச் சர்க்கரை பார்த்தார்கள். வியாதி கண்டவர்களுக்கு மலிவான மாத்திரைகளே தரப்பட்டன. கொதிப்பு இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அது கட்டுக்குள் வந்தது.

இன்று நம் கையில் இன்னும் அதிக வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கி, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வந்தது. உங்கள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரையோ கிராம சுகாதார நர்ஸையோ கேளுங்கள். சிறுநீரில் விகிதம் பார்க்கும் வசதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்வார்.

நினைவில் வைக்க வேண்டியவை

சிறுநீரகம் வலிக்காது, வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், இரண்டும் வேண்டும்.

கூடப் பிறந்தவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தால் நீங்கள் முதல் ஆளாகப் போக வேண்டும்.

கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் மாத்திரைகளை முன்பே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்த வெளியீட்டைப் படித்து முடித்ததும் பரணில் போட்டுவிடாமல், படிக்கத் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.